சோமபானம், மாத்திரை வடிவில்

முதுகுவலி ஒரு காலத்தில் நாற்று நட்டவர்களுக்கும் மூட்டை சுமந்தவர்களுக்கும் வந்தது. இப்போது எதையுமே தூக்காதவர்களுக்கு வருகிறது. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை ஒன்பது மணி நேரம் முறைத்துவிட்டு, மாலை எழுந்திருக்கும்போது 'ஹா' என்று பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள், கேள்விக்குறி போல. வயது இருபத்தெட்டு.

இந்தக் கேள்விக்குறிகள் நேராகப் போகிற இடம் டாக்டர் வீடு அல்ல, மெடிக்கல் ஷாப்.

"அண்ணே, முதுகு புடிச்சிக்கிச்சு."

"எதாவது தூக்குனீங்களா தம்பி?"

"இல்லண்ணே, திரும்புனேன்."

விசாரணை இத்தோடு முடிந்தது. கடைக்காரர் ஒரு ஸ்ட்ரிப்பை உருவி, கத்தரிக்கோலால் ஆறு மாத்திரையை வெட்டிக் கொடுக்கிறார். "காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு. சாப்பிட்டுட்டுப் போடுங்க." வெட்டின துண்டில் மருந்தின் பெயரில் கடைசி நாலு எழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். எக்ஸ்பயரி தேதி மிச்சப் பாதியோடு கடையிலேயே தங்கிவிடும். டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டும் என்ற பொடி எழுத்து எச்சரிக்கையும் அங்கேயே.

அந்த மாத்திரைக்குப் பொதுப் பெயர் மஸில் ரிலாக்ஸன்ட். தமிழில் தசைத் தளர்த்தி. ஒரு சின்ன சந்தேகம் உங்களுக்கு வந்ததுண்டா? விழுங்கின மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை போகிறது. இடுப்புக்கு மேலே வலது பக்கம்தான் பிடித்திருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. அதற்குத் தெரியவும் தெரியாது. கடையில் கிடைக்கும் இந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலானவை சதையைத் தொடுவதே இல்லை. அவை வேலை செய்கிற இடம் மூளையும் தண்டுவடமும். மேலே தலைமை அலுவலகத்தை அரைத்தூக்கத்தில் ஆழ்த்திவிட்டால், கீழே கிளை அலுவலகத்தில் கெடுபிடி குறையும். அவ்வளவுதான் சூட்சுமம்.

*

நிஜமாகவே சதையைப் பிடித்து நிறுத்துகிற மருந்து வேறு ஜாதி. தென் அமெரிக்கக் காடுகளில் அம்பு நுனியில் தடவுவார்களே, க்யூராரே, அந்த விஷம். நரம்பு சதைக்கு அனுப்பும் உத்தரவை வாசலிலேயே மறித்துவிடும். மரத்தின் மேல் இருக்கும் குரங்கு தொப்பென்று விழும். 1942 ஜனவரி 23-ம் தேதி கனடாவில், மான்ட்ரியல் நகரத்தில் ஹெரால்ட் கிரிஃபித் என்ற மயக்க டாக்டர், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு வந்த ஓர் இளைஞருக்கு இதைக் கொடுத்து வயிற்றுச் சதையைத் தளர்த்தினார். இன்றும் ஆபரேஷன் தியேட்டரில் இதன் வாரிசுகள்தான் இருக்கின்றன.

க்யூராரே கொடுத்தால் மனுஷனுக்கு நினைவும் தப்புமா? 1947-ல் ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க டாக்டர், மயக்க மருந்து எதுவும் இல்லாமல் தன் உடம்பிலேயே அதைச் செலுத்திப் பார்க்கச் சொன்னார். விரல் அசையவில்லை. இமை திறக்கவில்லை. மூச்சுகூட அடுத்தவர் பம்ப் செய்து கொடுத்ததுதான். ஆனால் சுற்றி நடந்தது அத்தனையும் அவருக்குத் தெரிந்தது. பிற்பாடு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆசாமி துணிச்சல்காரர்.

ஆக, தியேட்டர் மருந்து சதையைத் தளர்த்தும், மூளையைத் தொடாது. கடை மாத்திரை மூளையைத் தளர்த்தும், சதையைத் தொடாது. இரண்டுக்கும் ஒரே பெயர். குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

*

இந்தக் கடை மாத்திரையின் பூர்வீகம் சுவாரசியமானது. செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஃப்ராங்க் பெர்கர் என்ற டாக்டர் ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்தார். இரண்டாம் உலக யுத்த சமயம். பெனிசிலினைக் கிருமிகள் கெடுத்துவிடாமல் காப்பாற்ற ஏதாவது ரசாயனம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். ஒரு ரசாயனத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை துவண்டு போய், புரட்டிப் போட்டால் திரும்பி எழ மனமில்லாமல் கிடந்தன. ஆனால் கண் திறந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. பதற்றம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்ட மனுஷன் மாதிரி.

மெஃபனெசின் என்ற அந்த மருந்தைப் பற்றி 1946-ல் எழுதினார். அதன் குறை, சீக்கிரம் தெளிந்துவிடும். பெர்கர் அமெரிக்கா போய், இன்னும் நேரம் நிற்கிற ஒன்றை 1950-ல் பெர்னார்ட் லட்விக் என்பவரோடு சேர்ந்து தயாரித்தார். பெயர் மெப்ரோபமேட். 1955-ல் 'மில்டவுன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. மனக்கவலைக்கான மாத்திரை. அமெரிக்காவே அதன் பின்னால் ஓடியது. 'மில்டவுன் தீர்ந்துவிட்டது, நாளை வரும்' என்று மருந்துக்கடைகள் போர்டு வைத்தன, நம் ரேஷன் கடை மண்ணெண்ணெய் போல. மில்டன் பெர்ல் என்ற டெலிவிஷன் காமெடியன் தன் பெயரையே 'மில்டவுன் பெர்ல்' என்று மாற்றிக்கொள்ளப் போவதாக ஜோக் அடித்தார்.

பழக்கமாகிவிடும் என்பது மெல்லத்தான் தெரிந்தது. அதற்குள் பெர்கரின் கம்பெனி இன்னொரு மருந்தை உருவாக்கிவிட்டது. அதே குடும்பம், லேசான மாற்றம். இது கவலைக்கு அல்ல, முதுகுவலிக்கு என்று 1959-ல் வந்தது. ரசாயனப் பெயர் கேரிஸோப்ரடால். விற்பனைப் பெயர்தான் பிரமாதம். 'சோமா'!

நம் வேதத்தில் தேவர்கள் குடித்த சோமபானம் ஞாபகம் வருகிறதா? ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதி 1932-ல் வெளிவந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில், ஜனங்கள் எதையும் யோசித்துக் கவலைப்படாமல் இருக்க அரசாங்கமே விநியோகிக்கிற மாத்திரைக்கும் பெயர் சோமாதான். முதுகுவலி மாத்திரைக்கு இப்படி ஒரு நாமகரணம்! பொருத்தம் எவ்வளவு என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஏனென்றால் நம் கல்லீரல் செய்கிற வேலை அப்படி. விழுங்கின கேரிஸோப்ரடாலின் பாதி சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து கழிந்துவிடுகிறது. கழிந்து எங்கே போகிறது? கல்லீரல் அதில் ஒரு பகுதியை மெப்ரோபமேட்டாக மாற்றுகிறது. ஆமாம், அதே பழைய மில்டவுன். அது பாதியாகக் குறைய சுமார் பத்து மணி நேரம். முன்வாசல் வழியாக அனுப்பினவர் வேஷம் மாற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து, ராத்திரி தங்கியும் விட்டார்.

இந்த மாற்றும் வேலையைச் செய்கிற என்ஸைம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. வெள்ளைக்காரர்களில் 100-க்கு 3 முதல் 5 பேருக்கு அது மந்தம். ஆசியர்களில் 15 முதல் 20 பேருக்கு. அப்படிப்பட்டவர்கள் உடம்பில் மூல மருந்தின் அளவு மற்றவர்களைப்போல் சுமார் 4 மடங்கு ஏறுகிறது. பக்கத்து சீட்காரர் ஒரு மாத்திரை போட்டு ஜம்மென்று ஃபைல் பார்க்கிறார் என்பதற்காக, அதே மாத்திரை உங்களையும் அப்படியே விட்டுவைக்கும் என்று நம்ப வேண்டாம்.

*

அமெரிக்க மருந்து லேபிளிலேயே இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. ஜனங்கள் லேபிளா படிக்கிறார்கள்? வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இது என்று மூன்றையும் சேர்த்துப் போட்டால் கிறுகிறுப்பு ஜாஸ்தி என்று சிலர் கண்டுபிடித்தார்கள். 'ஹூஸ்டன் காக்டெயில்' என்று அதற்குச் செல்லப் பெயர். மூன்றுமே மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதியைத் தூங்கவைப்பவை. சிலர் தூங்கினார்கள். எழுந்திருக்கவில்லை.

2007 நவம்பரில் ஐரோப்பிய மருந்து ஏஜென்சி, இந்த மருந்தால் நன்மையைவிட ஆபத்து அதிகம், விற்பனை அனுமதியை நிறுத்துங்கள் என்று சிபாரிசு செய்தது. அமெரிக்கா தடை செய்யவில்லை. 2012 ஜனவரியில் கட்டுப்பாட்டு மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. தூக்க மாத்திரைகள் உட்கார்ந்திருக்கும் அதே நான்காவது வரிசையில்.

"அமெரிக்காக்காரன் கதை, நமக்கென்ன சார்?" என்பவர்களுக்கு ஒரு சமாசாரம். 2025 பிப்ரவரியில் பிபிசி ஒரு புலனாய்வை ஒளிபரப்பியது. டேபென்டடால் என்ற கடுமையான வலிமருந்தையும் இந்தக் கேரிஸோப்ரடாலையும் ஒரே மாத்திரைக்குள் அடைத்து, கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் தெருக்களில் போதைக்காக விற்றுக்கொண்டிருந்தார்கள். தயாரிப்பு? நம் இந்தியா. செய்தி வெளியானதும் நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்தக் கூட்டு மாத்திரையைத் தயாரிக்கவும் ஏற்றுமதி செய்யவும் கொடுத்திருந்த அனுமதிகளை வாபஸ் வாங்கியது. அந்தப் படத்தில் வருகிற பையன்களுக்கு முதுகுவலி எதுவும் இல்லை.

*

நம் தெருமுனைக் கடைக்கு வருவோம். அங்கே முதுகுப் பிடிப்புக்குக் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: க்ளோர்ஸாக்ஸஸோன், தயோகால்சிகோசைட், டிஸானிடின். பெயரை மனப்பாடம் செய்யவேண்டாம். ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் படித்தால் போதும்.

க்ளோர்ஸாக்ஸஸோன் தூக்கம் தரும். அபூர்வமாகக் கல்லீரலைக் கெடுக்கும். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடவேண்டும்.

தயோகால்சிகோசைட் வாய்வழியாக 7 நாளுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய ஏஜென்சி 2013-ல் கட்டுப்படுத்தியது. அது உடம்பில் மாறி உண்டாகும் பொருள் ஒன்று, செல் பிரியும்போது குரோமோசோம் எண்ணிக்கையைக் குழப்பக்கூடும் என்று தெரியவந்தது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. நீங்கள் வாங்கி வந்து பாதி மிச்சம் வைத்த ஸ்ட்ரிப்பை வீட்டில் மனைவி "எனக்கும் இடுப்பு வலிக்குது" என்று எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸானிடின் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால், டிஸானிடினின் அளவு ரத்தத்தில் பல மடங்கு எகிறி, எழுந்து நின்றவர் அப்படியே சரிந்துவிடுவார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வயிற்றுப்போக்குக்குச் சிப்ரோவை ஒரு கடையிலும், முதுகுக்கு டிஸானிடினை இன்னொரு கடையிலும் வாங்குகிற நம் சுதேசி வைத்தியத்தில் இதை யார் கவனிப்பது?

இன்னொன்று. இவை பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூடவே டைக்ளோஃபெனாக்கோ அஸெக்ளோஃபெனாக்கோ, சமயத்தில் பாரசிட்டமாலும் சேர்ந்து ஒரே மாத்திரைக்குள் கூட்டுக்குடும்பம் நடத்தும். அது தெரியாமல், "வலி குறையலியே" என்று தனியாக ஒரு வலி மாத்திரையையும் போட்டால் இரட்டை டோஸ். வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கஷ்டப்படும்.

*

எனக்குத் தெரிந்த ஒரு பையன். நல்ல வேலை, நல்ல சம்பளம், ராத்திரி ஷிஃப்ட். முதுகு பிடித்ததற்கு டாக்டர் டிஸானிடின் ஐந்து நாள் எழுதிக் கொடுத்தார். முதுகு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. நாலு மாசம் கழித்துப் பார்த்தபோதும் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னுமா வலிக்குது?"

"வலியெல்லாம் எப்பவோ போச்சு சார். இது இல்லேன்னா தூக்கம் வரல."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அந்தச் சீட்டைக் காட்டினா கடையில குடுத்துடறாங்க சார்."

ஒருநாள் கடையில் ஸ்டாக் இல்லை. இரண்டாவது நாள் நெஞ்சு படபடப்பு, வியர்வை. எமர்ஜென்ஸியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். இருபத்தொன்பது வயதில் ஹார்ட் அட்டாக் என்று அம்மா அழுதிருக்கிறார். ஹார்ட் அட்டாக் இல்லை. நாள்பட டிஸானிடின் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் அழுத்தம் திருப்பி அடிக்கும். டாக்டர் திட்டிவிட்டு, மறுபடி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். தூக்கம் வராததற்குக் காரணம் ராத்திரி ஷிஃப்ட். அதற்கு மாத்திரை முதுகின் பெயரில் போய்க்கொண்டிருந்தது.

*

அப்படியானால் இந்த மாத்திரையே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். பக்கவாதம் வந்து கை கால் விறைத்தவர்களுக்கும், தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் டிஸானிடின், பேக்லோஃபென் போன்றவை பெரிய உபகாரம். விரல் மடங்கிப் போனவர் டம்ளரைப் பிடிப்பார். அவர்கள் டாக்டர் கண்காணிப்பில் வருஷக்கணக்கில் எடுப்பதுண்டு.

சாதாரண முதுகுப் பிடிப்புக்கு? 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 31 பரிசோதனைகள், 6505 நோயாளிகளை அலசிய ஒரு கட்டுரை வந்தது. வலியை 0 முதல் 100 வரை மார்க் போட்டால், முதல் இரண்டு வாரத்தில் இந்த மாத்திரைகள் குறைப்பது சுமார் 8 மார்க். நோயாளிக்கு உருப்படியாகத் தெரிகிற வித்தியாசம் இல்லை, அந்த 8-ம்கூட நிச்சயமில்லை என்றார்கள். 2015-ல் அமெரிக்காவில் எமர்ஜென்ஸிக்கு முதுகுவலியோடு வந்த 323 பேரில், சாதாரண வலி மாத்திரையோடு தசைத் தளர்த்தி சேர்த்துக் கொடுத்தவர்களும், வெறும் வலி மாத்திரை வாங்கினவர்களும் ஒரு வாரத்தில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

வலி தாங்காமல் புரளும் முதல் இரண்டு மூன்று ராத்திரி தூங்கவைக்கும். அந்த அளவுக்கு உபயோகம், டாக்டர் பார்த்துக் கொடுத்தால். மிச்சத்தை முதுகே சரிசெய்துகொள்கிறது, பெரும்பாலும் சில வாரங்களில். ஒத்தடம் கொடுக்கலாம். படுத்தே கிடப்பதைவிட முடிந்தவரை நடமாடுவதுதான் நல்லது என்பதில் இப்போது டாக்டர்களுக்குள் சண்டை இல்லை.

ஆனால் சில விஷயங்களில் சமரசம் கிடையாது. மாத்திரை போட்டுவிட்டு பைக் வேண்டாம். சோமாவின் பரிசோதனைகளிலேயே 100-க்கு 13 முதல் 17 பேருக்குத் தூக்கக் கலக்கம் வந்தது. வெறும் மாவு மாத்திரை போட்டவர்களில் 6 பேருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலை ஏழு மணிக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அரைக் கண்ணோடு போவதற்கு, முதுகுவலி எவ்வளவோ தேவலை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பீர் உண்டென்றால் மாத்திரை கிடையாது. மாத்திரை உண்டென்றால் பீர் கிடையாது. இரண்டும் மூளையில் ஒரே திசையில் தள்ளுகிற ஆசாமிகள். கணக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டாக நிற்காது.

நாள் கணக்கை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். "எத்தனை நாள் டாக்டர்?" என்று ஒரே கேள்வி. அதற்கு மேல் ஒருநாள்கூட உங்கள் சொந்த முடிவு வேண்டாம். பல வாரம் போட்டிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கால் மரத்துப் போனால், பலம் குறைந்தால், உட்காருமிடம் உணர்வில்லாமல் போனால், சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தால், முதுகுவலியோடு ஜுரம் இருந்தால், விழுந்து அடிபட்டு வந்த வலி என்றால் மெடிக்கல் ஷாப்பைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரி போங்கள். அன்றைக்கே.

"எல்லாம் சரி சார், ஆபீஸ்ல முதுகு பிடிக்காம இருக்க என்னதான் பண்றது?" என்று கேட்பீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலடி நடக்கச் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்க எப்படியும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். உட்கார்ந்துகொண்டுதானே படித்தீர்கள்?

எழுந்திருங்கள்.